கருவியும் விளக்கமும்
பதுளைப் புகையிரதப் பாதை தரும் ஒரு வரலாற்றுப் பாடம்

கொழும்பிலிருந்து புறப்பட்டு, மலைநாட்டினூடே ஏறியும் வளைந்தும் ஏறத்தாழ 290 கிலோமீற்றர் சென்று, பதுளையில் முடிவுறும் புகையிரதப் பாதை இலங்கையின் பொருளியல் வரலாற்றிற் சிறந்ததோர் இடத்தைப் பெறுவதாகும். 1867ஆம் ஆண்டிற் கண்டியை அடைந்த இருப்புப் பாதை, 1874இல் நாவலப்பிட்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1894இற் பண்டாரவளையையும் எட்டியது. அங்கிருந்து ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளைக்குச் செல்ல மேலும் முப்பது ஆண்டுகள் கழிந்தன. எல்ல, தெமோதரை, உடுவரை, ஹாலிஎல ஆகிய ஊர்களைக் கடந்து பாதை பதுளையை அடைந்தது 1924ஆம் ஆண்டிலேயே.

இப்பாதையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு பொருள்களையே வியந்து கூறுவர். ஒன்று, எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையே 1921ஆம் ஆண்டளவில் எழுப்பப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம். மற்றொன்று, பாதை மலையைச் சுற்றி இறங்கித் தெமோதரை நிலையத்தின் கீழேயே குகைவழியாக நுழைந்து செல்லும் வளையம். தோட்டத்துக் கங்காணி ஒருவர் தமது தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதைக் கண்டே பொறியியலாளர் இவ்வளையத்தைக் கருதினர் என்பது செவிவழிச் செய்தி. அது வரலாற்றுச் சான்றுடையதன்று. எனினும் மலையகத் தமிழ் மக்கள் இப்பாதையைத் தமது உழைப்போடு இணைத்து நினைவுகூரும் பான்மையை அது காட்டுகின்றது. பாலமும் வளையமும் ஈண்டு ஆராயப்படும் பொருளல்ல. உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகத் தகடே இக்கட்டுரையின் பொருள். டப்லட் என்று புகையிரத ஊழியரால் வழங்கப்படும் அத்தகடு, தன்னால் எது செய்யத்தகும், எது செய்யத்தகாது என்பதைத் தானே எடுத்துக் கூறும் கருவியாகும்.

இத்தகட்டின் வரலாற்றை இன்று ஆராய்வதற்குத் தக்க காரணம் ஒன்றுண்டு. மின்னிணைப்பு, நீர்விநியோகம், கணினிச் சேவையகம் போன்ற உட்கட்டமைப்புக்களை இயக்கும் பணியிற் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் ஈடுபடுத்தப்பட்டு வருகின்றன. இம்முகவர்களுக்குக் கண்ணில்லை, கையுமில்லை. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட கருவிகளின் பெயரையும், அவற்றைப் பற்றி மனிதர் எழுதி வைத்த சில வரி விளக்கத்தையும் படித்தே, எதனை எப்பொழுது இயக்குவது என்று அவை முடிவு செய்கின்றன. ஆதலின் அவ்விளக்கம் தெளிவின்றி இருப்பின் செயலும் தவறாகும். இப்பிரச்சினை புதிது போலத் தோன்றினும், முழுக் காட்சியையும் காணவியலாத ஒருவனிடம் ஒரு கருவியைக் கொடுத்துப் பலருடைய உயிருக்குப் பொறுப்பாக்குவது எவ்வாறு என்னும் வினா பழையதே. அவ்வினாவுக்குப் புகையிரதத் துறை அளித்த விடை ஆராயத்தக்கது.

ஒற்றைப் பாதையின் இடர்ப்பாடு யாவரும் அறிந்ததே. பண்டாரவளைக்கும் பதுளைக்கும் இடையே பாதை ஒன்றே. வண்டிகளோ இரு திசையினும் வருவன. மலை வளைவுகளில் எதிரே வரும் வண்டி சாரதிக்குப் புலப்படாது. புலப்படும் நேரத்திற் பாரமேறிய வண்டியைச் சரிவில் நிறுத்தவும் இயலாது. எனவே ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடைப்பட்ட துண்டில் எக்காலத்தும் ஒரு வண்டியே இருத்தல் வேண்டும். இதனைத் தந்திச் செய்தியால் உறுதிப்படுத்தலாம் என்று தொடக்கத்தில் எண்ணினர்.

அவ்வெண்ணத்தின் குறை 1874ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆந் திகதி இரவு இங்கிலாந்தின் நொரிச் நகருக்கு அருகிலுள்ள தோர்ப் என்னுமிடத்தில் வெளிப்பட்டது. எதிர் நிலையத்தில் நிற்கும் அஞ்சல் வண்டியை அனுப்புமாறு கூறும் செய்தி, பொறுப்பதிகாரி கையொப்பமிடுமுன்னரே தந்தி எழுத்தரால் அனுப்பப்பட்டுவிட்டது. பொறுப்பதிகாரியோ செய்தி அனுப்பப்படவில்லை என்று கருதி, இப்பக்கத்திலிருந்து விரைவு வண்டியைச் செல்லவிட்டார். தவறு உணரப்பட்டு மறுப்புச் செய்தி சென்றபொழுது, அஞ்சல் வண்டி புறப்பட்டுவிட்டது என்னும் விடையே வந்தது. இரு வண்டிகளும் இருளில் மோதின. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கையொப்பமின்றிச் செய்தி அனுப்பலாகாது என்னும் விதி அங்கு இல்லாமலில்லை. ஆனால் அவ்விதி ஏட்டில் இருந்ததேயன்றிக் கருவியில் இருக்கவில்லை. தந்திப் பொறி கையொப்பமிட்ட செய்தியையும் இடாத செய்தியையும் ஒன்றுபோலவே ஏற்று அனுப்பியது.

இவ்விபத்தை நினைவிற் கொண்டே எட்வேட் டயர் என்பார் 1878ஆம் ஆண்டளவில் மின் டப்லட் முறையை வகுத்தார். அதன் அமைப்பு எளியது. அடுத்தடுத்துள்ள இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைக்கப்பட்ட இரு பொறிகள் உள. அவற்றினுள் அப்பாதைத் துண்டுக்குரிய தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு நிலையத்தில் ஒரு தகடு எடுக்கப்பட்டால், அது மீண்டும் இரண்டிலொரு பொறியுள் இடப்படும் வரையில் வேறெந்தத் தகட்டையும் எப்பக்கத்திலும் எடுத்தல் இயலாது. அத்துடன், ஒரு நிலையத்தவர் தாமாகவே தகட்டை எடுக்கவும் முடியாது. மணியொலிக் குறியால் அடுத்த நிலையத்தைக் கேட்டு, அங்குள்ளவர் தமது பொறியை அழுத்தி இசைவு தந்தாலன்றி இப்பொறி திறவாது. தகட்டின்மீது இரு நிலையங்களின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டுக்குரிய தகடு அடுத்த துண்டின் பொறியுள் நுழையாவண்ணம் அதன் வெட்டுவாய் வேறுபடுத்தப்பட்டிருக்கும். வளையம் பொருத்திய பையில் இட்டுச் சாரதியிடம் கொடுக்கப்படும் இத்தகடே அவர் அத்துண்டினுட் புகுவதற்கான அதிகாரம். இலங்கையின் மலைநாட்டுப் பாதையில் இம்முறை தலைமுறை தலைமுறையாகக் கையாளப்பட்டு வந்தது. ஓடும் வண்டியிலிருந்து சாரதி ஒரு வளையத்தை வீசி மற்றொன்றைப் பற்றிக்கொள்ளும் காட்சியைத் தோட்டப்புறச் சிறுவர் பலர் கண்டு வளர்ந்தனர்.

இக்கருவியை விளக்க நோக்கிற் பகுத்தாராய்ந்தால் நான்கு நலன்கள் புலனாகும். முதலாவது, பெயர்த் தெளிவு: தகடு தன் எல்லையைத் தன்மேலேயே தாங்கியுள்ளது, தெமோதரைக்கும் உடுவரைக்கும் உரியது ஹாலிஎலைக்கு உரியதாகாது. இரண்டாவது, தனிமை: ஒரு தகடு ஒரு செயலுக்கே உரியது. மூன்றாவது, இசைவு: ஒருவர் விரும்பியவாறு தனித்து இயக்கவொண்ணாதபடி மற்றவரின் உடன்பாடு தேவைப்படுகின்றது. நான்காவது, முடிவு: தகடு மீண்டும் பொறியுள் இடப்பட்டாலன்றிச் செயல் முற்றுப்பெற்றதாகக் கருதப்படாது. வண்டி சேர்ந்திருக்கும் என்ற ஊகத்துக்கு அங்கு இடமில்லை.

எனினும் சிறந்த கருவியும் படியாதவனைக் காவாது என்பதை 1921ஆம் ஆண்டு உணர்த்திற்று. எல்லையருகே ஒன்பது வளைவுப் பாலம் எழுந்த அதே காலத்தில், 1921 சனவரி 26ஆந் திகதி, வேல்சு நாட்டின் அபர்மியூல் நிலையத்துக்கு அருகில் இரு வண்டிகள் நேர்க்குநேர் மோதிப் பதினேழு பேர் உயிரிழந்தனர். அங்கும் டயரின் டப்லட் முறையே வழக்கிலிருந்தது. நிலையத்தை வந்தடைந்த வண்டியின் சாரதி தாம் கடந்துவந்த துண்டின் தகட்டை ஒப்படைத்தார். அதனைப் பெற்ற இளைஞன் பொறியில் இடுமுன் வேறொரு பணி நேர்ந்தமையால் மற்றொருவர் கையிற் கொடுத்தான். அவரோ அது செல்லவேண்டிய துண்டின் தகடு என்றெண்ணி அதனையே மீண்டும் சாரதியிடம் நீட்டினார். சாரதியும் பெயரை நோக்காது வாங்கிக்கொண்டு புறப்பட்டார். தகட்டிற் பெயர் சரியாகவே பொறிக்கப்பட்டிருந்தது. அதனைப் படித்தார் ஒருவருமிலர். பொறிகள் கைகாட்டியை இயக்குவோரின் அறையிலன்றி நிலையக் கட்டிடத்தில் இருந்தமையாற் பலர் கையும் அவற்றிற் பட்டது. பொறியைப் பொறுப்பாளர் ஒருவரின் கீழ் வைப்பதும், உரிய தகடு எடுக்கப்பட்டாலன்றிப் புறப்பாட்டுக் கைகாட்டி இறங்காதவாறு இரண்டையும் பூட்டி இணைப்பதுமே அவ்விபத்திலிருந்து கற்றுக்கொள்ளப்பட்ட பாடம். விளக்கம் வேண்டும், விளக்கம் மட்டும் போதாது. தவறாகச் செய்ய முடியாதவாறு அமைக்கக்கூடியதைப் பூட்டால் அமைத்தலும், அவ்வாறு அமைக்க இயலாததைச் சொல்லாற் காத்தலுமே முறை.

இனி, பாதையின் இருமருங்கிலும் பரந்துள்ள தோட்டங்களை நோக்குவோம். அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை, பசறை ஆகிய பகுதிகளில் நாள்தோறும் விடியலிற் பெரட்டுக்களத்திலே வேலை பகிரப்பட்டது. இன்னார் இன்ன மலைக்குக் கொழுந்தெடுக்க, இன்னார் கவ்வாத்துக்கு, இன்னார் இஸ்டோருக்கு என்று கட்டளை பிறந்தது. துரையின் ஆங்கிலம் கணக்கப்பிள்ளையின் தமிழாகவும், அது கங்காணியின் பேச்சாகவும் மாறியே தொழிலாளரை அடைந்தது. தமிழறியாத் துரைமாருக்கென அக்காலத்திற் சிறு நூல்கள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றன் பெயர் ‘இங்கே வா’ என்பது. 1915இல் வெல்சு என்பார் வெளியிட்ட மற்றொன்று ‘கூலித் தமிழ்’ எனப் பெயர் பெற்றது. பெயர்களே இந்நூல்களின் போக்கை உணர்த்துவன. அவை கற்பித்தது பெரும்பாலும் ஏவல். ஏவலுக்கும் விளக்கத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஏவல், செய் என்கிறது. விளக்கமோ இன்னது, இதற்காக, இவ்வளவில், இது நேர்ந்தால் நிறுத்துக என்கிறது. ஏவலை மாத்திரம் பெற்றவன் நிலைமை மாறியவிடத்துத் தானாகச் சிந்தித்து நிற்க வழியில்லை. தேயிலை உலர்த்தும் அடுப்பருகே நின்ற தொழிலாளி, வெப்பம் ஏன் இவ்வளவில் நிற்கவேண்டும் என்பதைத் தன் அனுபவத்தாலும் மூத்தோர் வாய்மொழியாலும் அறிந்துகொண்டானேயன்றி, அவனுக்கு விளங்கும் மொழியில் எழுதப்பட்ட குறிப்பால் அறிந்தானல்லன். தோட்டப்புறத்தில் வேலை செவ்வனே நடந்ததென்றால், அதற்குக் காரணம் கட்டளையின் தெளிவன்று. கட்டளையின் குறையைத் தம் அறிவால் நிரப்பிய தொழிலாளரின் திறமையே. இதனை வரலாறு எழுதுவோர் போதிய அளவு குறித்தாரிலர்.

கருவி பேசும் மொழியும் ஐயத்துக்கிடமின்றி இருத்தல் வேண்டும் என்பதற்குப் பிற்காலத்து நிகழ்ச்சிகள் இரண்டு சான்றாகும். 1979 மார்ச்சு 28ஆந் திகதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தில் அமுக்கத்தைத் தணிக்கும் வாயில் ஒன்று திறந்தபடியே நின்றுவிட்டது. கட்டுப்பாட்டறையிலிருந்த விளக்கோ அணைந்திருந்தது. விளக்கு அணைந்தால் வாயில் மூடிவிட்டது என்று இயக்குநர் கொண்டனர். உண்மையில் அவ்விளக்கு காட்டியது வாயிலின் நிலையை அன்று; மூடுமாறு கட்டளை சென்றதை மட்டுமே. செய்யச் சொன்னதும் செய்து முடிந்ததும் ஒன்றல்ல என்பதை அவ்விளக்கு விளக்கவில்லை. இரண்டு மணிநேரத்துக்கு மேலாகக் குளிர்ப்பு நீர் வெளியேறிற்று. மற்றொன்று, 1999 செப்டெம்பரிற் செவ்வாய்க் கோளை அடைந்த அமெரிக்க விண்கலமொன்றின் அழிவு. தரையிலிருந்த ஒரு கணினி நிரல் ஆங்கில அலகில் எண்ணைத் தந்தது. அதனைப் பெற்ற மற்றொரு நிரலோ மெட்ரிக் அலகென்று கொண்டது. எண் சரியானது, அதன் அலகு உரைக்கப்படாதது. விண்கலம் கணித்த பாதையினின்றும் தாழ்ந்து சென்று அழிந்தது.

இவ்வரலாற்றுப் பின்னணியிலேயே நுண்ணறிவு முகவரை நோக்குதல் வேண்டும். மொழி மாதிரி எனப்படும் கணினி நிரல் தொடக்கத்தில் வினாவுக்கு விடையெழுதுவதாக மட்டுமே இருந்தது. 2023ஆம் ஆண்டு யூன் மாதம் ஓப்பன்ஏஐ நிறுவனம், நிரலாளர் தரும் செயற்கூறுகளின் பெயரையும் விளக்கத்தையும் படித்து, எதனை எந்த உள்ளீட்டுடன் அழைப்பது என்று மாதிரியே தெரிந்தெடுக்கும் வசதியை வெளியிட்டது. 2024 நவம்பரில் ஆந்திரோப்பிக் நிறுவனம், கருவிகளை முகவருக்கு அறிமுகஞ் செய்வதற்கென மொடல் கொன்டெக்ஸ்ட் புரட்டக்கோல் என்னும் பொது நெறிமுறையை வெளியிட்டது. இவற்றின்படி ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல் ஆகியன தரப்படும. மாதிரி அவற்றைப் படித்துத் தெரிவு செய்கின்றது, கருவி இயங்குகின்றது, பெறுபேறு எழுத்தாகத் திரும்பி வருகின்றது, அதனைப் படித்து மாதிரி அடுத்த செயலைத் துணிகின்றது. தகட்டைப் படித்துப் பாதையிற் புகும் சாரதியின் நிலைக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை வெளிப்படை.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு தோட்டத்தின் குடிநீர்த் தாங்கியை முகவரொன்று கண்காணிப்பதாகக் கொள்வோம். ‘வாயிலை நிர்வகிக்கும் கருவி’ என்று மட்டும் எழுதி வைத்தால் அது விளக்கமாகாது. எந்த வாயில்? திறப்பதா, மூடுவதா, நிலையை அறிவதா? உள்ளீடாகிய 50 என்னும் எண், நூற்றுக்கு ஐம்பது பங்கா, ஐம்பது பாகையா, ஐம்பது நிமிடமா? இவற்றுள் ஒன்றும் விளங்கவில்லை. அதனையே, ‘மேற்பிரிவு நீர்த்தாங்கியின் வெளியேற்று வாயிலைக் குறித்த அளவுக்குத் திறக்கும். அளவு, முழுத் திறப்பின் நூற்றுவீதத்தில், 0 முதல் 100 வரை. தாங்கியின் நீர்மட்டத்தை அறிந்த பின்னரே பயன்படுத்துக. மட்டத்தை மாத்திரம் அறியவேண்டின் நீர்மட்டக் கருவியைப் பயன்படுத்துக. வெளியேறிய நீரை மீட்க இயலாது. கட்டளை ஏற்கப்பட்டதாக வரும் விடை, வாயில் திறந்ததற்குச் சான்றன்று. திறப்பு அளவை மீண்டும் வாசித்து உறுதி செய்க. வாசிப்பு வராதவிடத்து மறுமுறை இயக்காது பொறுப்பாளருக்கு அறிவிக்க’ என்று எழுதினால், படிப்பது மனிதனாயினும் பொறியாயினும் தவறுக்கு இடம் குறையும்.

நன்னூலார் நூலுக்குரிய குற்றங்களை வகுத்தோதினார். அவற்றுட் பல கருவி விளக்கத்துக்கும் அப்படியே பொருந்துவன. அலகைக் கூறாது விடுவது குன்றக் கூறல். தேவையற்ற வரலாற்றையெல்லாம் விளக்கத்திற் புகுத்தி, வேண்டிய ஒரு வரியை மறைப்பது மிகைபடக் கூறல். பெயரில் ‘படி’ என்றும் விளக்கத்தில் ‘படித்தபின் அழிக்கும்’ என்றும் எழுதுவது மாறுகொளக் கூறல். ஒரே பணிக்கு ஒத்த பெயருடைய ஐந்து கருவிகளைத் தந்து, எதற்கு எது என்று கூறாது விடுவது மயங்க வைத்தல். அடுத்த துண்டின் தகடு நுழையாதவாறு வெட்டுவாயை வேறுபடுத்திய டயரின் கருத்து, பெயர்களை வேறுபடுத்துவதற்கும் வழிகாட்டியாகும். பழந்தமிழ் இலக்கணம் பயின்ற மாணவன், இப்புதுத் துறைக்கு வெறுங்கையனாய்ச் செல்பவனல்லன்.

மீட்கத்தக்க செயலையும் மீட்கத்தகாத செயலையும் வேறுபடுத்திக் கூறுதல் இன்றியமையாதது. சேவையகமொன்றின் நிலையைப் பட்டியலிடுதல் எவர்க்கும் தீங்கு செய்யாது. அதனை மீளத் தொடக்குதல் சிறிது நேரத் தடை. அதிலுள்ள பதிவேடுகளை அழித்தலோ என்றும் நீங்காத இழப்பு. மேற்கூறிய நெறிமுறையிலும், கருவி வாசிக்க மட்டுமே உரியதா, அழிக்கும் இயல்புடையதா, இருமுறை இயக்கினும் ஒருமுறை இயக்கிய பயனே விளையுமா என்று குறித்துக் காட்டும் வழி பின்னர்ச் சேர்க்கப்பட்டது. வாயிலை நூற்றுக்கு ஐம்பதுக்குத் திறவென்று இருமுறை கூறினும் கேடில்லை. மேலும் பத்துக் கூட்டித் திறவென்று இருமுறை கூறினால் இருபதாகிவிடும். விடை வரத் தாமதித்தவிடத்து முகவர் மீண்டும் முயல்வது இயல்பாதலின் இவ்வேறுபாட்டை எழுதியே தீரல் வேண்டும்.

ஆயினும் இக்குறிப்புக்கள் குறிப்புக்களே; பூட்டுக்கள் அல்ல. அபர்மியூலிற் பெயர் பொறித்த தகடு இருந்தும் விபத்து நேர்ந்தவாறு போல, ‘அழிக்கற்க’ என்று எழுதி வைத்துவிட்டு அழிக்கும் ஆற்றலை முகவரின் கையில் விட்டுவைத்தல் காவலாகாது. மீட்கவொண்ணாச் செயலுக்கு இரண்டாம் ஒருவரின் இசைவைக் கட்டாயமாக்குதல், அடுத்த நிலையத்தவர் பொறியை அழுத்தினாலன்றித் தகடு வெளிவாராத முறையை ஒக்கும். விளக்கத்தை எழுதியவரே அதனைச் சரியென்று கொள்ளுதலும் தகாது. பணியறியாத ஒருவரிடம் விளக்கத்தை மட்டும் கொடுத்து, எக்கருவியை எப்பொழுது எடுப்பீர் என்று கேட்டறிதலும், முகவர் தவறான கருவியை எடுத்த இடங்களைத் தொகுத்து விளக்கத்தைத் திருத்துதலும் நல்ல வழக்கங்களாம். புகையிரத விதிநூல்கள் இவ்வாறே விபத்துக்குப்பின் விபத்தாகத் திருத்தப்பட்டு வளர்ந்தன.

இவையெல்லாம் தொலைவிலுள்ள கணினிக்கூடங்களின் கவலையென்று ஊவா மாகாணத்தார் ஒதுக்கிவிடுதல் இயலாது. 2014 ஒக்தோபர் 29ஆந் திகதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையைச் சேர்ந்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் மண்ணுட் புதைந்தன. பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் உயிர் தப்பிய பிள்ளைகள் பெற்றோரை இழந்து நின்றனர். அவ்விடம் ஆபத்தானது என்னும் எச்சரிக்கை சில ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. ஆபத்து உண்டு என்பது சொல்லப்பட்டது. எவ்வளவு மழைக்கு, எந்நேரத்தில், எவர், எங்கே செல்லவேண்டும், சென்றபின் எங்கே வாழவேண்டும் என்பது செயலாகவில்லை. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். குறை எச்சரிக்கையின் சொல்லில் மட்டும் இருந்ததன்று. மாற்று நிலமும் வீடும் இல்லாதவனுக்கு எத்துணைத் தெளிவான சொல்லும் பயன்படாது. எனினும் செயலோடு இணையாத எச்சரிக்கை எத்துணைப் பயனற்றது என்பதற்கு ஊவா கொடுத்த விலை அது.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் நிலச்சரிவுக்கெனக் கையாளும் எச்சரிக்கை முறை மூன்று படிகளை உடையது. இருபத்துநான்கு மணிநேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பு. 100ஐக் கடந்தால் வெளியேற ஆயத்தம். 150ஐக் கடந்தால், அல்லது ஒரு மணிநேரத்திலேயே 75ஐக் கடந்தால், வெளியேற்றம். இது நல்ல கருவி விளக்கத்தின் இலக்கணம் அமைந்தது: அளவு, அலகு, காலம், செயல் ஆகிய நான்கும் இதிலுண்டு. மழைமானியின் அருகே இந்நான்கையும் தொழிலாளர் படிக்கும் தமிழில் எழுதி வைத்தாலன்றி அது வெறும் கண்ணாடிக் குழாயே. நாளை இம்மழைமானிகளை வாசித்து எச்சரிக்கையை விடுக்கும் பொறுப்பு நுண்ணறிவு முகவரிடம் செல்லுமாயின், 75 என்பது மணிக்குரியதா, நாளுக்குரியதா என்று எழுதத் தவறும் ஒரு சொல், ஒரு லயத்தின் உயிரோடு விளையாடுவதாகும்.

இங்கே மொழிப் பொறுப்பும் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராக்கப்பட்டனர். 1956இற் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியாயிற்று. தமிழும் ஆட்சிமொழியாகும் என்று அரசியலமைப்பு ஏற்றது 1987இலேயே. இக்காலம் முழுவதும் பொறியின்மேலும், மருந்துப் புட்டியின்மேலும், அரசாங்க அறிவித்தலின்மேலும் எழுதப்பட்டவை தோட்டத் தொழிலாளருக்குப் பெரும்பாலும் பிறர் படித்துச் சொல்லவேண்டியவையாகவே இருந்தன. கருவிகளைப் பொறிகளே இயக்கும் காலத்திலும், பொறி செய்தது சரியா என்று பார்த்து நிறுத்தும் உரிமை அக்கருவியால் வாழ்வோருக்கு இருத்தல் வேண்டும். விளக்கம் அவர்கள் மொழியிலும் இருந்தாலன்றி அவ்வுரிமை பெயரளவினதே. முகவருக்கு எழுதும் விளக்கம் மனிதருக்கும் விளங்குவதாயின், பிழையைக் காண்போர் தொகை பெருகும்; இசைவு தருவோர் எதற்கு இசைகின்றனர் என்பதையும் அறிவர்.

கட்டுரைப் பயிற்சியைத் தேர்வுக்குரிய அணிகலனாக மட்டும் கருதும் வழக்கம் பாடசாலைகளில் நெடுங்காலமாக உள்ளது. ஒரு நீரிறைக்கும் பொறியை, ஒரு மழைமானியை, ஓர் ஆய்வுகூட அடுப்பைக் கண்டிராத ஒருவர் அதனைத் தவறின்றிப் பயன்படுத்துமாறு பத்து வரிகளில் எழுதுக என்று மாணவரைப் பணிப்பின், மொழியறிவும் பொருளறிவும் ஒருங்கே சோதிக்கப்படும். அவ்வாறு எழுதியதை மற்றொரு மாணவன் கையிற் கொடுத்து, சொல்லியபடி மட்டும் செய்க என்று கூறின், குன்றக் கூறலின் தீமை இலக்கண வகுப்பிலும் விரைவாக விளங்கும். தெமோதரை நிலையத்திற் சாரதியின் கையிலேறிய தகட்டில் இருந்த எழுத்துக்கள் சிலவே. அவற்றைப் பொறித்தவன் பெயரும் எவர்க்கும் தெரியாது. ஆயினும் மலைச்சரிவின் இருளில் எத்தனையோ ஆயிரம் பிரயாணிகள் அச்சில எழுத்துக்களை நம்பியே உறங்கிச் சென்றனர். கருவிக்கு விளக்கம் எழுதுவோர் தம்முன் வைத்துக்கொள்ள வேண்டிய உரைகல் அதுவே.